ஒரு பேப்பரின் சிலபஸைத் திருத்த நான்கு வழிகள்

பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டில் புள்ளியியல் என்று ஒரு பேப்பர் இருக்கிறது. பதினேழு வருஷமாக அதை நடத்துகிறேன். எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி. பாடத்திட்டத்தை நாங்களே எழுதலாம், நாங்களே திருத்தலாம். இந்த வருஷம் பாடத்திட்டக் குழு கூடுவதற்கு வெகு முன்பே துறைத் தலைவர் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார்: "அந்தப் பேப்பரை என்ன பண்ணலாம்னு இருக்கீங்க சார்? சும்மா நாலு வரி மாத்திக் கொண்டு வராதீங்க."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் முன்னால் இருந்தவை நான்கு வழிகள். ஒன்று, இருக்கிற சிலபஸில் பழையதை எடுத்துப் புதியதை ஒட்டுவது. இரண்டு, மாநில அளவில் தயாரித்த மாதிரிப் பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்வது. மூன்று, மாணவர் கடைசியில் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி வந்து பேப்பரையே புதிதாக எழுதுவது. நான்கு, சிலபஸைத் தொடாமல், அதை நடத்தும் முறையை மட்டும் ஒரு திட்டத்தாளாக எழுதி மாணவர் கையில் கொடுப்பது. உங்கள் கல்லூரியிலும் இந்த நான்கில் ஏதோ ஒன்றைத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிடலாம். நான் இதைப் போட்டுப் பார்த்த அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

எங்கள் செமஸ்டர் தேர்வு 75 மதிப்பெண்ணுக்கு. மீதி 25 இன்டர்னல். சிலபஸில் ஐந்து யூனிட், வினாத்தாளில் மூன்று பகுதி. முதல் பகுதியில் யூனிட்டுக்கு இரண்டாகப் பத்து கேள்வி, தலா 2 மதிப்பெண், எல்லாமே எழுத வேண்டும். இரண்டாம் பகுதியில் யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து கேள்வி, தலா 5, ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. மூன்றாம் பகுதியில் யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து கேள்வி கொடுத்திருப்போம், மூன்றுக்கு எழுதினால் போதும், தலா 10. ஆக 20, 25, 30. தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் இதுவோ இதற்குப் பக்கத்தில் ஒன்றோதான் நடைமுறை.

இப்போது ஒரு மாணவர் ஐந்து யூனிட்டில் மூன்றை மட்டும் நன்றாகப் படித்துவிட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் 12, இரண்டாம் பகுதியில் 15, மூன்றாம் பகுதியில் முழுசாக 30. மொத்தம் 57. நாலாவது, ஐந்தாவது யூனிட்டைத் திறந்தே பார்க்காமல் 76 சதவீதம். இரண்டே யூனிட் படித்தவருக்கு 8, 10, 20 என்று 38 கிடைக்கும். பாஸ் மார்க் 30.

அதாவது நாங்கள் ஐந்து யூனிட் எழுதுகிறோம், வினாத்தாள் இரண்டு யூனிட்தான் கேட்கிறது. பையன்களுக்கு இது நன்றாகத் தெரியும். "சார், எந்த ரெண்டு யூனிட் ஈஸி?" என்று முதல் வாரத்திலேயே கேட்பார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று நான் நினைத்த காலம் உண்டு. அவர்கள் எங்கள் வினாத்தாளை எங்களைவிடக் கவனமாகப் படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே நான்கு வழிகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டேன்: இது வினாத்தாள் வரை போய்ச் சேருமா?

ஒட்டுப்போடுவது

இதுதான் அதிகம் நடக்கிறது. யூனிட் 2இல் இரண்டு வரி எடுத்து, யூனிட் 5இல் மூன்று வரி சேர்த்து, "இருபது சதவீதம் மாத்தியாச்சு" என்று மினிட்ஸில் எழுதுவது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்குக் கொடுக்கும் அறிக்கையில் எத்தனை பாடத்திட்டங்கள் திருத்தப்பட்டன என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல இது போதும்.

இது எப்போதுமே தப்பு என்று சொல்லமாட்டேன். எங்கள் 'இந்தியப் பொருளாதாரம்' பேப்பருக்கு இதுதான் சரியான வழி. திட்டக் குழு போய் 2015 ஜனவரி 1 முதல் நிதி ஆயோக் வந்துவிட்டது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்துவிட்டது. பேப்பரின் எலும்புக்கூடு நன்றாக இருந்து தகவல் மட்டும் பழசாகிப் போயிருந்தால், ஒட்டுப்போடுவதைவிட மலிவான, வேகமான வழி இல்லை. ஒரு மதியத்தில் முடியும். யாரும் எதிர்க்கமாட்டார்கள்.

புள்ளியியல் பேப்பரில் இதே வழியை ஆறு வருஷம் முன்னால் நாங்கள் முயன்றோம். துறைத் தலைவர் சொன்ன 'நாலு வரி' அதுதான். 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருளை மாணவர்கள் கற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஐந்தாம் யூனிட்டின் கடைசி வரியாக 'ஆர் மென்பொருள்: ஓர் அறிமுகம்' என்று சேர்த்தோம். வெளியிலிருந்து வந்த நிபுணர் பாராட்டினார். அகாடமிக் கவுன்சிலில் கைதட்டாத குறை. ஆனால் கம்ப்யூட்டர் லேப் எங்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம்கூட கிடைக்கவில்லை. அது வேறு துறையின் டைம்டேபிளில் நிறைந்திருந்தது. ஐந்தாம் யூனிட் எப்போதும்போல் கடைசி வாரத்துக்கு வந்தது. கரும்பலகையில் ஆர் நடத்தினேன். நவம்பர் தேர்வில் வெளியாசிரியர் எடுத்திருந்த கேள்வி: "ஆர் மென்பொருளின் பயன்களை விளக்குக. (10)".

விளக்கினார்கள். ஒரு விடைத்தாளில் பன்னிரண்டு பயன்கள் எண் போட்டு வரிசையாக இருந்தன. எழுதிய பெண் ஆரைத் திறந்து பார்த்ததே இல்லை. முழு மதிப்பெண் போட்டேன், வேறு வழியில்லை. அந்த விடைத்தாள்தான் எனக்கு இந்த வழியின் எல்லையைக் காட்டியது. வரி சேர்ப்பது சுலபம். அந்த வரிக்கு நேரமும் இடமும் கேள்வியும் சேர்ந்து வராவிட்டால் அது மனப்பாடமாக மாறிவிடுகிறது.

ஒட்டுப்போடும் வழியில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. சேர்க்க எல்லோரும் கை தூக்குவார்கள், எடுக்க ஒருவரும் தூக்கமாட்டார்கள். ஒவ்வொரு திருத்தத்திலும் சிலபஸ் கொஞ்சம் பெருத்துக்கொண்டே போகும்.

மாதிரிப் பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்வது

2023இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் தயாரித்த மாதிரிப் பாடத்திட்டத்தைக் கல்லூரிகள் பின்பற்ற வேண்டும் என்ற பேச்சு வந்தபோது தன்னாட்சிக் கல்லூரிகளில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. தமிழ்நாட்டில் 1978இலேயே தன்னாட்சி வாங்கிய கல்லூரிகள் இருக்கின்றன. இத்தனை வருஷம் சொந்தமாக எழுதிய பிறகு 'இதை எடுத்துக்கொள்' என்றால் கோபம் வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது.

கோபம் அடங்கிய பிறகு யோசித்துப் பார்த்தால், இந்த வழிக்கு நியாயம் இருக்கிறது. நடுவில் கல்லூரி மாறும் மாணவருக்கு, வேறு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேரப் போகிறவருக்கு, 'உங்கள் பட்டம் இதற்கு இணையானதா' என்று அரசு வேலையில் கேட்கப்படும் ஒருவருக்குப் பொதுவான பாடத்திட்டம் நல்லது. துறையில் நிரந்தர ஆசிரியர் ஒருவர், மீதி கௌரவ விரிவுரையாளர்கள் என்றிருக்கும் கல்லூரிகளில் சிலபஸ் எழுத உட்காருவதற்கே ஆள் இல்லை. அவர்களிடம் போய் 'நீங்களே புதிதாக வடிவமையுங்கள்' என்று சொல்வது சரியில்லை. பாடப்புத்தகம் கிடைப்பதும் சின்ன விஷயம் இல்லை. தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழில் புத்தகம் வருவது, பல கல்லூரிகள் ஒரே பாடத்தைப் படித்தால்தான் சாத்தியம்.

ஆனால் எங்கள் கேள்விக்கு இதில் பதில் இல்லை. ஐந்து யூனிட்டில் என்ன இருக்கும் என்பது மாறும், வினாத்தாள் அமைப்பு அப்படியே இருக்கும், இரண்டு யூனிட் படித்தால் 38 அப்படியே கிடைக்கும். நான் மாதிரிப் பாடத்திட்டத்தைச் சரிபார்க்கும் பட்டியலாக வைத்துக்கொள்கிறேன். நாங்கள் எதையாவது விட்டுவிட்டோமா என்று பார்க்க அதைவிட நல்ல கருவி கிடையாது.

பின்னாலிருந்து எழுதுவது

கல்வியியலில் இது புதிய யோசனை இல்லை. எதற்காகக் கற்பிக்கிறோம், அதற்கு என்ன அனுபவம் வேண்டும், அதை எப்படி வரிசைப்படுத்துவது, நோக்கம் நிறைவேறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற நான்கு கேள்விகளை ரால்ஃப் டைலர் 1949இலேயே கேட்டுவிட்டார். 1990களில் ஜான் பிக்ஸ் சொன்னது, நோக்கமும் வகுப்பும் தேர்வும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும் என்பது. எங்கள் சிலபஸ்களிலும் இதன் நிழல் இருக்கிறது. 'கோர்ஸ் அவுட்கம்' என்று ஐந்து வரி, பக்கத்தில் கே1, கே2 என்று கற்றலைப் படிப்படியாகப் பிரிக்கும் புளூமின் படிநிலை, கீழே தொடர்பு வலுவா, நடுத்தரமா, குறைவா என்பதற்கு எஸ், எம், எல் என்று நிரப்பிய கட்டம். பெரும்பாலும் அந்தக் கட்டம் குழு கூடுவதற்கு முந்தின நாள் ராத்திரி நிரப்பப்படுகிறது. முதலில் எழுத வேண்டியதைக் கடைசியில் எழுதுகிறோம்.

எங்கள் பழைய சிலபஸில் ஒரு வரி: "மாணவர்கள் மையப்போக்கு அளவைகளைப் புரிந்துகொள்வர்." சராசரி, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்), முகடு (அதிக தடவை வரும் எண்) ஆகியவைதான் அந்த அளவைகள். புரிந்துகொண்டாரா என்று எப்படிப் பார்ப்பது? அதை நாங்கள் இப்படி மாற்றி எழுதினோம்: "செய்தித்தாளில் ஒரு சராசரியைப் பார்த்தால், அது எதன் சராசரி என்று கேட்கவும், அந்த இடத்தில் இடைநிலை அளவு பொருத்தமா என்று காரணத்தோடு சொல்லவும் மாணவரால் முடியும்." இப்படி எழுதிய உடனே இதற்கான தேர்வுக் கேள்வி தானாக மனதில் வந்து நிற்கிறது. வராவிட்டால் அந்த வரி சரியில்லை என்று அர்த்தம்.

எடுத்துக்காட்டாக, மேட்டூர் அணை நீர்மட்டம். தினமும் செய்தித்தாளில் வருகிறது. முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. வருஷம் முழுவதற்குமான சராசரி நீர்மட்டத்தைக் கணக்கிட்டு எடுத்துக்கொண்டு ஒரு குறுவை விவசாயியிடம் போனால் அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவர் கேட்பது, பாசனத்துக்கு அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 அன்று எவ்வளவு இருக்கும் என்பதைத்தான். எந்த எண்ணின் சராசரி என்பது எப்படிச் சராசரி எடுப்பது என்பதைவிட முக்கியம் என்று நான் வகுப்பில் பத்து தடவை சொன்னாலும் ஏறாதது, இந்த ஒரு உதாரணத்தில் ஏறிவிடுகிறது. டெல்டாப் பக்கத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் அவர்களே மேற்கொண்டு சொல்வார்கள். அப்புறம், பாதி உயரத்தில் பாதித் தண்ணீர் இருக்குமா என்று கேட்கலாம். இருக்காது. அணை மேலே போகப் போக அகலம். நீர்மட்டத்தையும் கொள்ளளவையும் வரைபடத்தில் போட்டால் நேர்கோடு வராது. ஒன்று மாறும்போது மற்றது எப்படி மாறுகிறது என்று கோடு போட்டுப் பார்க்கும் தொடர்புப் போக்குப் பாடத்துக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

விலைவாசி எவ்வளவு ஏறியது என்று ஒரே எண்ணில் சொல்லும் குறியீட்டெண் யூனிட்டில்தான் எங்களுக்கு அதிக வேலை இருந்தது. பழைய சிலபஸ் இப்படிப் போகும்: லாஸ்பியர் முறை, பாஷே முறை, ஃபிஷர் முறை, காலமாற்றுச் சோதனை, காரணி மாற்றுச் சோதனை. பிள்ளைகள் ஃபிஷர் குறியீட்டெண்ணை நான்கு நெடுவரிசை போட்டு வர்க்கமூலம் எடுத்துப் பிழையில்லாமல் கண்டுபிடிப்பார்கள். நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை ஒருமுறைகூடப் பார்த்திருக்கமாட்டார்கள். 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடரில் உணவுக்கும் பானங்களுக்கும் மட்டும் 45.86 சதவீத எடை என்பது தெரியாது. எடை என்றால் என்ன என்பதே பலருக்குத் தெரியாது, சூத்திரத்தில் வரும் ஒரு எழுத்து அவ்வளவுதான்.

புதிய திட்டத்தில் அந்த யூனிட் ஹாஸ்டலில் தொடங்குகிறது. ஒரு மாணவியின் மாதச் செலவு: மெஸ் 3,000 ரூபாய், பஸ் 500, ரீசார்ஜ் 300, ஜெராக்ஸ் 200. மொத்தம் 4,000. ஜெராக்ஸ் விலை இரண்டு மடங்கானால் அவள் செலவு எத்தனை சதவீதம் ஏறும்? 5. மெஸ் பில் வெறும் பத்து சதவீதம் ஏறினால்? 7.5. 'இரண்டு மடங்கு' என்று கேட்டால் பயமாக இருக்கிறது, 'பத்து சதவீதம்' என்றால் சாதாரணமாகத் தெரிகிறது, ஆனால் கையைக் கடிப்பது இரண்டாவதுதான். இதைச் சோதனை முறையில் ஒரு வகுப்பில் செய்தேன். கணக்கு போட்டு முடித்ததும் முன்பெஞ்சிலிருந்த ஒரு பெண், "அப்போ எங்க வீட்டுக்கு வேற விலைவாசி, பணக்காரங்க வீட்டுக்கு வேற விலைவாசியா சார்?" என்று கேட்டாள். பொருளியலில் உண்மையாகவே விவாதிக்கப்படும் கேள்வி அது. அடிப்படை ஆண்டின் அளவுகளை வைத்துக் கணக்கிட்டால் அது லாஸ்பியர் என்று அதற்கப்புறம் சொன்னேன். பெயர் கடைசியில் வந்ததால் யாரும் அதற்குப் பயப்படவில்லை.

அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் கல்லூரி அறிமுகப் பாடங்களுக்காக 2005இல் ஒரு வழிகாட்டுதல் ஏற்று, 2016இல் திருத்தியும் வெளியிட்டது. உண்மையான தரவை வைத்து நடத்துங்கள், சூத்திரத்தைவிடக் கருத்துக்கு நேரம் கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம். நம் வகுப்புக்கும் அது அப்படியே பொருந்துகிறது. இரண்டு விஷயங்கள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழுவுக்கு நான் எப்போதும் எடுப்பது புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கம் 1973இல் கொடுத்த நான்கு தரவுத் தொகுப்புகள். ஒவ்வொன்றிலும் பதினோரு புள்ளிகள். நான்கிலும் சராசரி ஒரே எண், ஒட்டுறவுக் கெழு ஏறக்குறைய 0.82, தொடர்புப் போக்குக் கோடும் ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரண மேகம், ஒன்று வளைகோடு, மற்ற இரண்டில் ஒரே ஒரு புள்ளி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. கார்ல் பியர்சன் கெழுவைக் கையால் கண்டுபிடிக்கச் சொல்லி 10 மதிப்பெண் கொடுக்கும் வினாத்தாளில், இந்தத் தொகுப்புகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தால் நான்கு மாணவர்களுமே முழு மதிப்பெண் வாங்குவார்கள், நால்வருமே படத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

சரி, இதற்கெல்லாம் நேரம் எங்கே? சிலபஸில் 90 மணி நேரம் என்று இருக்கும்: வாரத்துக்கு ஆறு, பதினைந்து வாரம். என் போன வருஷ டைரியை எடுத்து எண்ணினேன். இன்டர்னல் தேர்வு நாட்கள், மழை விடுமுறை, விளையாட்டு விழா, துறை விழா எல்லாம் போக 71 மணி நேரம்தான் நான் வகுப்பில் நின்றிருக்கிறேன். இது ஒவ்வொரு ஆசிரியரும் செய்து பார்க்க வேண்டிய வேலை. 90க்கு எழுதி 71க்கு நடத்துவதால்தான் ஐந்தாம் யூனிட் எப்போதும் கடைசி வாரத்தில் ஓடுகிறது. நாங்கள் 70க்கு எழுதினோம்.

ஆக, எடுக்க வேண்டியிருந்தது. கூட்டுச் சராசரிக்கு (நாம் சாதாரணமாகச் சராசரி என்பது) மூன்று முறைகளை நடத்திக்கொண்டிருந்தோம்: நேரடி முறை, சுருக்கு முறை, படி விலக்க முறை. பின்னவை இரண்டும் கால்குலேட்டர் இல்லாத காலத்தில் கையால் பெருக்கும் சிரமத்தைக் குறைக்க வந்தவை. அன்றைக்கு அவை பெரிய உதவி. இன்று அவற்றுக்காக ஆறு வகுப்பு போகிறது. எடுத்தோம். இசைச் சராசரி, காலமாற்றுச் சோதனை, காரணி மாற்றுச் சோதனை மூன்றும் போயின. பெருக்குச் சராசரியை வைத்துக்கொண்டோம். வளர்ச்சி வீதத்துக்கு அது வேண்டும்.

இங்கேதான் துறைக்குள் சண்டை வந்தது. மூத்த மேடம் ஒருவர், "நெட், டி.ஆர்.பி.ல இதெல்லாம் கேக்கறாங்களே, பிள்ளைங்க என்ன பண்ணும்?" என்றார். நியாயமான கவலை. ஆசிரியர் வேலைக்குப் போக எழுதும் அந்தத் தேர்வுகளில் இவை கொள்குறி வினாவாக வருகின்றன. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் போதும். அதற்கு ஒரு மணி நேரம் போதும், ஆறு மணி நேரம் வேண்டாம். கடைசி வாரத்தில் 'போட்டித் தேர்வுக்கு' என்று இரண்டு வகுப்பு ஒதுக்கினோம். அவர் ஏற்றுக்கொண்டார். எடுப்பதற்கு இதுதான் எங்களுக்கு உதவிய முறை: எதை எடுத்தாலும், அது வேண்டும் என்பவரின் பயம் என்ன என்று கேட்டு, அந்தப் பயத்துக்கு மட்டும் இடம் கொடுப்பது.

அடுத்தது வினாத்தாள். கல்லூரி முழுவதும் ஒரே அமைப்பு என்பதால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் முதலில் தயங்கினார். அதே 75, அதே மூன்று பகுதி, அதே 20, 25, 30. ஆனால் மூன்றாம் பகுதியில் 20 மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டாயக் கேள்வி. ஒரு தரவு அட்டவணையும் கணக்கிட்ட விடைகளும் கொடுத்து, எல்லா யூனிட்டையும் தொட்டுக் கேட்பது. மீதி 10க்கு மூன்றில் ஒன்று. இப்போது இரண்டு யூனிட் மட்டும் படித்தவருக்கு அந்தக் கேள்வியை விட்டால் 8, 10, 10 என்று 28க்கு மேல் கிடைக்காது. பாஸ் ஆக அந்தக் கட்டாயக் கேள்வியைத் தொட்டே ஆக வேண்டும்.

இதில் எனக்கு ஒரு பயம் இருந்தது. கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாக வருகிற பிள்ளைகள், பள்ளியில் கணக்கை விட்டுவிட்டு வந்தவர்கள், இதில் அடிபட்டுவிடக் கூடாது. அரியர் என்பது அவர்கள் வீட்டில் வெறும் மார்க் பிரச்சினை இல்லை, படிப்பே நின்றுபோகும். அதனால் கட்டாயக் கேள்வியின் முதல் 8 மதிப்பெண், அட்டவணையை நிதானமாக வாசித்தாலே எழுதும்படி வைத்திருக்கிறோம். எந்த வருஷம் அதிகம், எங்கே திடீரென்று குறைந்தது, எதன் அலகு என்ன. அதற்குப் பிறகுதான் காரணம் கேட்கும் பகுதி.

இந்த வழியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு நாலு மாதம் ஆனது. மூன்று பேர் சனிக்கிழமைகளில் உட்கார்ந்தோம். நடத்தும் ஆசிரியர் மாறினால் இது படுத்துவிடும் ஆபத்து உண்டு. மேட்டூர் உதாரணம் என் தலையில் இருக்கிறது, சிலபஸில் இல்லை. அதனால் யூனிட்டுக்கு நான்கு பக்கம் ஆசிரியர் குறிப்பும் சேர்த்து எழுத வேண்டியதாயிற்று. ஆசிரியர்கள் வருஷா வருஷம் மாறும் துறையில் இந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

திட்டத்தாள் மட்டும் எழுதுவது

இணைப்புக் கல்லூரிகளில் இருப்பவர்கள் இதுவரை படித்துவிட்டு, 'உங்களுக்குச் சரி, எங்களுக்குச் சிலபஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறதே' என்று நினைப்பீர்கள். அரசுக் கல்லூரி ஒன்றில் இருக்கும் என் நண்பர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். நான் அதைப் பார்த்துத்தான் சோதனை வகுப்பையே தொடங்கினேன்.

அவர் செமஸ்டர் தொடக்கத்தில் மாணவர்களுக்கு இரண்டு பக்கத் தாள் ஒன்று கொடுக்கிறார். முதல் பக்கத்தில் வாரவாரியாக என்ன, ஒவ்வொரு வாரத்துக்கும் எதிரே ஒரு கேள்வி. 'மூன்றாம் வாரம்: இடைநிலை, முகடு' என்று மட்டும் போடாமல், 'நம் ஊரில் ஒரு ஆளின் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் எந்த எண்ணைச் சொல்வீர்கள்?' என்று எழுதியிருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் இன்டர்னல் 25 எப்படிப் பிரியும் என்று வெளிப்படையாக இருக்கிறது. அசைன்மெண்ட் என்றால் புத்தகத்தைப் பார்த்து எழுதுவது கிடையாது. உழவர் சந்தையிலும் மளிகைக் கடையிலும் பத்துப் பொருளின் விலையை மாதம் ஒருமுறை எழுதி, மூன்று மாதத்துக்குக் குறியீட்டெண் போட வேண்டும். ஐந்தாம் யூனிட்டை அவர் இரண்டாவதாக நடத்துகிறார். யூனிட்டுகளை எண் வரிசையில்தான் நடத்த வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இது எனக்குப் பதினேழு வருஷமாகத் தோன்றவில்லை.

இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஒரு வார இறுதியில் எழுதிவிடலாம். பலன் இல்லாவிட்டால் அடுத்த செமஸ்டரில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 25 மதிப்பெண்ணுக்குள் மட்டுமே இதன் கை எட்டும். 75க்கான வினாத்தாள் பழைய வினாத்தாளாகவே வரும்போது, மாணவர்கள் அசைன்மெண்டை ஆசையாகச் செய்துவிட்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் கைடுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நண்பருக்கும் அது வருத்தம்தான். இருந்தாலும் எந்த நிலையில் உள்ள ஆசிரியரும் நாளைக்கே தொடங்கக்கூடிய வழி நான்கில் இது ஒன்றுதான்.

எங்கள் முடிவு

புள்ளியியல் பேப்பருக்கு மூன்றாவது வழி. இந்தியப் பொருளாதாரம் பேப்பருக்கு ஒட்டுப்போட்டால் போதும். மூன்றாவது வழியில் இறங்குவதற்கு முன் ஒரு செமஸ்டர் நான்காவதைச் செய்து பார்த்ததுதான் நாங்கள் எடுத்த நல்ல முடிவு. ஹாஸ்டல் செலவுக் கணக்கு வகுப்பில் பிடிக்கிறது என்று முன்பே தெரிந்திருந்ததால் குழுவில் அதை ஊகமாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, நடந்ததாகச் சொல்ல முடிந்தது. உங்கள் கல்லூரி இணைப்புக் கல்லூரி என்றால் நான்காவதோடு தொடங்குங்கள். துறையில் ஆள் குறைவு என்றால் மாதிரிப் பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் நேரத்தைத் திட்டத்தாளில் போடுங்கள். தன்னாட்சியும் மூன்று நிரந்தர ஆசிரியர்களும் இருந்தும் வருஷா வருஷம் ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தால், அது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

குழுவுக்குக் கொண்டுபோகும் கோப்பில் தாள்களை அடுக்கும் வரிசையையும் மாற்றினோம். முதலில் மாதிரி வினாத்தாள், அடுத்தது 70 மணி நேரக் கணக்கு, மூன்றாவதாகத்தான் சிலபஸ். குழுவில் முன்னாள் மாணவர் பிரதிநிதியாக வந்தவர் இப்போது வங்கியில் இருக்கிறார், எங்களிடமே படித்தவர். கட்டாயக் கேள்வியை இரண்டு முறை வாசித்துவிட்டு, "எனக்கு இந்த மாதிரி கேட்டிருந்தா நான் வேலைக்குச் சேந்த முதல் வருஷம் அவ்வளவு திணறியிருக்கமாட்டேன் சார்" என்றார். நிறைவேறியது.

இன்னும் ஒரு ஓட்டை பாக்கி இருக்கிறது. வினாத்தாள் எடுப்பவர் வெளியாசிரியர். அவருக்குத் தேர்வுப் பிரிவிலிருந்து போகும் கவரில் சிலபஸும் பழைய வினாத்தாளும்தான் இருக்கும். பழையதைப் பார்த்தே புதியதை எடுப்பார். ஆர் மென்பொருளின் பயன்கள் அப்படித்தான் வந்தது. அந்தக் கவரில் பழைய வினாத்தாளுக்குப் பதில் எங்கள் மாதிரி வினாத்தாள்கள் மூன்றும் விடைக்குறிப்போடு போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். இரண்டு தயார். மூன்றாவதை இந்தச் சனிக்கிழமை உட்கார்ந்து முடிக்க வேண்டும்.